ஒளித்தொகுப்பு: வெயிலில் இருந்து மாப்பொருள் வரை, படிப்படியாக

பசளை போட்டால்தான் பயிருக்குச் சாப்பாடு என்று தம்பலகாமத்து வயற்காரர் முதல் உப்புவெளியில் பூச்சாடி வளர்ப்பவர் வரை எல்லோரும் சொல்கிறோம். பேச்சுக்குச் சரி. ஆனால் நெல்மணிக்குள் இருக்கும் மாப்பொருள் பசளைப் பையில் இருந்து வந்ததல்ல, மண்ணில் இருந்து வந்ததும் அல்ல. அது காற்றில் இருந்தும் தண்ணீரில் இருந்தும் இலை கட்டியெழுப்பியது. கட்டுவதற்கான சக்தியை வெயில் கொடுத்தது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் ஒளித்தொகுப்புப் பாடத்தின் பாதி முடிந்துவிடும். சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகளையும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பும் பெற்றோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உயர்தரத்துக்குப் போகிறவர்களுக்கும் நடுப்பகுதி உதவும்.

முதற் படி: கணக்கைச் சரிபாருங்கள்

பெல்ஜியம் பக்கத்தைச் சேர்ந்த வான் ஹெல்மொன்ட் என்பவர் ஒரு பெரிய சாடியில் ஏறக்குறைய 90 கிலோ உலர்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, இரண்டேகால் கிலோ அளவுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவுக்கு மேல் வந்துவிட்டது. மண்ணைத் திரும்ப உலர்த்தி நிறுத்தால் 60 கிராம் கூடக் குறையவில்லை. அவர் இறந்த பிறகு, 1648இல், இது அச்சில் வந்தது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அது பாதிதான் சரி. மற்றப் பாதி காற்று. அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

இன்றைய கணக்கு இது. ஒரு செடியை நன்றாக உலர்த்தி, ஈரம் முழுவதையும் போக்கிவிட்டு நிறுத்தால், அந்த எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் காபன், ஒட்சிசன், ஐதரசன் மூன்றும்தான். காபன் காற்றில் உள்ள காபனீரொட்சைட்டில் இருந்து வருகிறது. ஐதரசன் தண்ணீரில் இருந்து வருகிறது. மண்ணில் இருந்து வருவது மிச்சம் உள்ள சின்னப் பங்கு. சின்னப் பங்கு என்பதற்காகப் பசளை தேவையில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மகனீசியம் அணு இருக்கிறது, அதைச் சுற்றி நான்கு நைதரசன் அணுக்கள் இருக்கின்றன. நைதரசன் இல்லாவிட்டால் பச்சையம் இல்லை, பச்சையம் இல்லாவிட்டால் உணவு இல்லை. யூரியா போட்ட சில நாளில் வெளிறிய நெல் கரும்பச்சையாக மாறுவதன் காரணம் இதுதான். பசளை சாப்பாடு அல்ல, சாப்பாடு செய்யும் கருவிகளுக்கு வேண்டிய மூலப்பொருள்.

காற்றில் காபனீரொட்சைட்டு எவ்வளவு இருக்கிறது தெரியுமா? பத்தாயிரம் பங்கு காற்றில் நான்கு பங்குக்குச் சற்று மேல். அவ்வளவு ஐதான பொருளைப் பிடித்துத்தான் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் பெரிய ஆலமரங்களும் தங்கள் உடம்பைக் கட்டியிருக்கின்றன.

இரண்டாம் படி: இலைக்குள் போங்கள்

ஒரு செவ்வரத்தை இலையைக் கையில் எடுங்கள். மேற்பக்கம் கரும்பச்சை, மினுக்கம். கீழ்ப்பக்கம் வெளிறியது. இந்த வித்தியாசம் சும்மா வந்ததல்ல. மேல்தோலுக்கு அடியில் நீளமான கலங்கள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கின்றன. இதற்கு வேலிக்காற் புடைக்கலவிழையம் என்று பெயர். வெளிச்சம் முதலில் விழும் இடம் அது என்பதால், பச்சையம் இருக்கும் நுண்ணிய உறுப்புகளான பச்சையவுருமணிகள் அங்கேதான் அதிகம். அதற்குக் கீழே கடற்பஞ்சுப் புடைக்கலவிழையம். கலங்களுக்கு இடையே காற்று உலாவ நிறைய இடைவெளி. கீழ்த்தோலில் இலைவாய்கள்.

இலைவாய் என்பது இரண்டு காவற்கலங்களுக்கு நடுவே உள்ள துளை. காவற்கலங்களுக்குள் பொற்றாசியம் அயன்கள் புகுந்தால் தண்ணீரும் பின்னால் போகிறது, கலங்கள் வீங்கி வளைகின்றன, துளை திறக்கிறது. தண்ணீர் வெளியேறினால் தளர்ந்து மூடிக்கொள்கிறது. காபனீரொட்சைட்டு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் இதே வாசலால்தான். வேர் உறிஞ்சும் தண்ணீரில் மிகப் பெரும் பகுதி இப்படி ஆவியாகிப் போய்விடுகிறது, உணவு செய்யப் பயன்படுவது மிகக் கொஞ்சம். திருகோணமலை மாதிரி ஓர் இடத்தில் இது எவ்வளவு பெரிய சங்கடம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இலைவாயைப் பார்க்க ஆசைப்பட்டால், நிறமில்லாத நகப்பூச்சை இலையின் கீழ்ப்பக்கத்தில் மெல்லிதாகப் பூசி, காய்ந்ததும் ஒட்டும் நாடாவால் உரித்து, பாடசாலை நுணுக்குக்காட்டியின் கீழ் வையுங்கள். உதடு குவித்த மாதிரி வரிசையாகத் தெரியும்.

மூன்றாம் படி: வெளிச்சத்தைப் பிடிக்கும் வேலை

அநேகர் தடுக்கி விழுவது இங்கேதான். ஆறு காபனீரொட்சைட்டும் ஆறு தண்ணீரும் சேர்ந்து ஒரு குளுக்கோசும் ஆறு ஒட்சிசனும் வரும் என்று பாடமாக்கிவிட்டு, எல்லாம் ஒரே இடத்தில் ஒரே தடவையில் நடக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். நடப்பது இரண்டு தனித்தனி வேலை. சமன்பாடு தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சொல்கிறது.

பச்சையவுருமணிக்குள் தட்டையான பைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இவை தைலக்கொயிட்டுகள். பச்சையம் இந்தப் பைகளின் மென்சவ்வில் பதிந்திருக்கிறது. வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி, ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீற்றர் வரையுள்ள அலைநீளங்கள், ஒளித்தொகுப்புக்கு உதவும். அதில் நீலத்தையும் சிவப்பையும் பச்சையம் நன்றாக உறிஞ்சுகிறது. பச்சையைக் குறைவாக உறிஞ்சுகிறது. அந்த மிச்சம்தான் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது.

ஒளி பட்டதும் பச்சைய மூலக்கூறுகள் அந்தச் சக்தியை ஒன்றிடம் இருந்து ஒன்றுக்குக் கடத்தி, மையத்தில் உள்ள ஒரு விசேட சோடியிடம் சேர்க்கின்றன. அங்கே இருந்து ஓர் இலத்திரன் கழன்று அடுத்த மூலக்கூறுக்குத் தாவுகிறது. இதற்கு எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் இலட்சங்கோடியில் சில பங்கு. உயிருள்ள எதிலும் இவ்வளவு விரைவாக நடக்கும் வேலையைக் காண்பது அரிது.

கழன்று போன இலத்திரனுக்குப் பதில் இன்னொன்று வேண்டும் அல்லவா? அதற்காகத் தண்ணீர் உடைக்கப்படுகிறது. நான்கு மங்கனீசு அணுக்களும் ஒரு கல்சியம் அணுவும் கொண்ட ஒரு சிறு கூட்டம் இந்த வேலையைச் செய்கிறது. இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளை உடைத்து நான்கு இலத்திரன், நான்கு புரோத்தன், ஓர் ஒட்சிசன் மூலக்கூறு என்று பிரிக்கிறது. நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் இதுதான். அது காபனீரொட்சைட்டில் இருந்து வருவது என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். 1941இல் கலிபோர்னியாவில் ரூபன், காமன் ஆகியோர் நிறை கூடிய ஒட்சிசன் 18 கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துச் சோதித்து, அது தண்ணீரில் இருந்தே வருகிறது என்று காட்டினார்கள். பரீட்சையில் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடிய கேள்வி இது. விடை தண்ணீர். மறக்க வேண்டாம்.

இலத்திரன் ஒரு சங்கிலி வழியே போகிறது. போகும் வழியில் புரோத்தன்கள் தைலக்கொயிட்டுப் பைக்குள் தள்ளப்படுகின்றன. உள்ளே நெருக்கடி கூடியதும் அவை ஒரு நொதியத்தின் ஊடாக வெளியே பாய்கின்றன. அந்தப் பாய்ச்சல் நொதியத்தைச் சுழற்ற, சக்தியைச் சுமக்கும் ஏ.ரீ.பி. என்ற மூலக்கூறு உருவாகிறது. இலத்திரன் அடுத்த ஒளித்தொகுதிக்கு, அதாவது ஒளியைப் பிடிக்கும் இன்னொரு பச்சையக் கூட்டத்துக்கு வந்து, அங்கே மறுபடியும் ஒளியால் உந்தப்பட்டு, கடைசியில் என்.ஏ.டீ.பி.எச். என்ற மூலக்கூறில் ஏறிக்கொள்கிறது. ஏ.ரீ.பி.யைக் கைச்செலவுக்கு வைத்திருக்கும் காசு என்று நினைத்துக்கொள்ளுங்கள். உடனே செலவழிக்கத்தான் உதவும், சேமித்து வைக்க முடியாது. சேமிப்பது அடுத்த வேலை.

நான்காம் படி: சீனி கட்டும் வேலை

இது தைலக்கொயிட்டுகளைச் சுற்றியுள்ள பாய்மத்தில், அதாவது பஞ்சணையில் நடக்கிறது. இருள் தாக்கம் என்று பெயர் வைத்துவிட்டதால் இரவில் நடக்கும் என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். இல்லை. நமது நெல்லிலும் செவ்வரத்தையிலும் இது பகலில்தான் நடக்கிறது. ஒளி நேராகத் தேவையில்லை என்பது மட்டுமே அந்தப் பெயரின் பொருள். ஒளியால் உருவான ஏ.ரீ.பி.யும் என்.ஏ.டீ.பி.எச்.உம் வந்துகொண்டிருந்தால்தான் இது ஓடும்.

ஐந்து காபன் உள்ள ஒரு சேர்வையோடு ஒரு காபனீரொட்சைட்டைச் சேர்ப்பது முதல் வேலை. செய்வது ரூபிஸ்கோ என்ற நொதியம். சேர்ந்த உடனே அது மூன்று காபன் உள்ள இரண்டு துண்டாகப் பிரிகிறது. அந்தத் துண்டுகள் ஏ.ரீ.பி.யையும் என்.ஏ.டீ.பி.எச்.ஐயும் செலவழித்து மூன்று காபன் வெல்லமாக மாறுகின்றன. மூன்று காபனீரொட்சைட்டு உள்ளே வந்தால் 9 ஏ.ரீ.பி., 6 என்.ஏ.டீ.பி.எச். செலவாகி, ஒரேயொரு மூன்று காபன் வெல்லம் இலாபமாக மிஞ்சுகிறது. மற்றவை எல்லாம் பழைய ஐந்து காபன் சேர்வையைத் திரும்ப உருவாக்கப் போய்விடுகின்றன. வட்டம் என்று சொல்வது இதனால்தான்.

மெல்வின் கல்வினும் அவரோடு பென்சன், பாஸ்ஹம் ஆகியோரும் இந்த வட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். கதிரியக்கக் காபன் 14 கலந்த வாயுவைக் குளோரெல்லா என்ற பச்சைப் பாசிக்குக் கொடுத்து, சில செக்கன்களில் பாசியைச் சூடான அற்ககோலில் போட்டுக் கொன்று, காபன் எந்த மூலக்கூறில் போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். செக்கன் கூடக் கூட அடுத்த அடுத்த மூலக்கூறு தெரிந்தது. கல்வினுக்கு 1961இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வட்டத்துக்கு அவருடைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பென்சனின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் படி: செய்த உணவு எங்கே போகிறது?

சுருக்கமாகச் சொல்கிறேன். பகலில் ஒரு பங்கு மாப்பொருளாகி இலையிலேயே தங்குகிறது. மற்றது சுக்குரோசு என்ற சீனியாக மாறி, உணவைக் கடத்தும் இழையமான உரியம் வழியே வேருக்கும் தண்டுக்கும் காய்க்கும் போகிறது. பனம்பாளையைச் சீவினால் வடியும் கருப்பநீர் இனிப்பது எதனால்? ஓலைகள் வெயிலில் செய்த சுக்குரோசு பாளைக்குப் போகும் வழியில் முட்டிக்குள் விழுவதால்.

ஆறாம் படி: கண்ணால் பாருங்கள்

வீட்டில் செய்யலாம். ஆனால் ஸ்பிரிட் தீப்பற்றும் பொருள் என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் தொடக்கூடாது.

முதலில் எந்தச் செடி என்று தீர்மானியுங்கள். செவ்வரத்தை நல்லது, இலை மெல்லியது. மாவிலை தடிப்பு, நிறம் போக நேரம் எடுக்கும். நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளைகள் கைக்கு எட்டும் வெங்காயத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, அயடீன் போட்டும் நிறம் மாறவில்லை என்று திகைப்பதுண்டு. வெங்காயம் தன் தாளில் மாப்பொருளாகச் சேமிப்பதில்லை, சீனியாகவே வைத்திருக்கிறது. பரிசோதனை பிழைக்கவில்லை, செடிதான் பொருத்தம் இல்லை.

செடியைச் சாடியோடு இருட்டறைக்குள் இரண்டு நாள் வையுங்கள். இலையில் ஏற்கெனவே இருந்த மாப்பொருள் முடிய வேண்டும். இதைத் தவிர்த்தால் பின்னால் பார்ப்பது எதுவும் சான்று ஆகாது. மூன்றாம் நாள் விடிய, ஓர் இலையின் நடுவில் மேலும் கீழும் மறையும்படி அலுமினியத் தாள் பட்டி ஒன்றைக் கட்டி, செடியை வெயிலுக்குக் கொண்டுபோங்கள். கறுப்புப் பொலித்தீன் வேண்டாம். நமது வெயிலில் அது கொதித்து இலையைப் பொசுக்கிவிடும். அப்புறம் மாப்பொருள் இல்லாதது இருட்டாலா, சூட்டாலா என்று சொல்ல முடியாது.

பின்னேரம் இலையைப் பறித்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போடுங்கள். கலங்கள் இறந்து மென்சவ்வுகள் உடையும், நொதியங்கள் வேலையை நிறுத்தும். இப்போது அடுப்பை அணையுங்கள். உண்மையிலேயே அணைத்துவிட்டுத்தான் அடுத்ததைச் செய்ய வேண்டும். மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, இலையை அதற்குள் இட்டு, கோப்பையை அந்தச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இறக்குங்கள். ஸ்பிரிட் மெல்லப் பச்சையாகும், இலை வெளிறும். தண்ணீர் ஆறிவிட்டால் வேறிடத்தில் சூடாக்கிக் கொண்டுவந்து மாற்றுங்கள்.

வெளிறிய இலை முறுகி உடையும் நிலையில் இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் தோய்த்தால் இளகும். வெள்ளைத் தட்டில் விரித்து, புண்ணுக்குப் போடும் அயடீன் கரைசலைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெயில் பட்ட இடமெல்லாம் கருநீலமாகும். பட்டி கட்டிய இடம் அயடீனின் மண்ணிறத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை நன்றாகப் பாருங்கள். மிகத் துல்லியமாக இருக்கும். ஒளி கிடைக்காத கலத்துக்குப் பக்கத்துக் கலம் மாப்பொருளைக் கொடுக்கவில்லை, ஒவ்வொன்றும் தன்னுடையதைத் தானே செய்திருக்கிறது என்பது அந்தக் கோட்டில் தெரியும்.

பச்சையும் வெள்ளையும் கலந்த இலையோடு இதே வேலையைச் செய்தால், வெள்ளை இருந்த இடங்கள் கருநீலமாகாது. இலையின் படத்தைப் பறிக்கும் முன்பே வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், பச்சை போன பிறகு எது எங்கே இருந்தது என்று தெரியாது.

ஏழாம் படி: குமிழிகளை எண்ணுங்கள்

1779இல் இங்கென்ஹவுஸ் என்ற மருத்துவர், தண்ணீருக்குள் இருக்கும் பச்சை இலைகள் வெயிலில் வாயுக் குமிழி விடுவதையும் இருட்டில் அது நிற்பதையும் எழுதிவைத்தார். அதையே நாம் திரும்பச் செய்யலாம். குளத்தில் கிடைக்கும் ஐதரில்லாத் தண்டு ஒன்றை நீருக்குள்ளேயே கூரான கத்தியால் வெட்டி, வெட்டுமுனை மேலே வரும்படி கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். தண்ணீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா கரைத்தால் காபனீரொட்சைட்டுத் தட்டுப்பாடு இருக்காது. வெயிலில் வைத்ததும் வெட்டுமுனையில் இருந்து குமிழிகள் ஒழுங்காக வரும்.

கிணற்றுத் தண்ணீர் குளிர்ச்சியானது. அது வெயிலில் சூடாகும்போது ஏற்கெனவே கரைந்திருந்த காற்று குமிழியாகிப் போத்தலின் சுவரிலும் இலைகளிலும் ஒட்டும். அது ஒளித்தொகுப்பு அல்ல. வெட்டுமுனையில் இருந்து வரும் குமிழிகளை மட்டும் எண்ணுங்கள். சந்தேகம் இருந்தால் செடி இல்லாத போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். கொதித்து ஆறவைத்த தண்ணீரில் அப்பச்சோடா போடாமல் செய்தால் குமிழி ஏறக்குறைய நின்றுவிடும், கரைந்த வாயு போய்விட்டதால்.

அறைக்குள் மின்குமிழ் வைத்துச் செய்தால் தூரத்தை மாற்றிப் பார்க்கலாம். தூரம் இரட்டித்தால் ஒளி காற்பங்காகும். மின்குமிழைக் கிட்டக் கிட்டக் கொண்டுபோகக் குமிழிகள் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் கூடாது. அந்த இடத்தில் ஒளி தாராளமாக இருக்கிறது, காபனீரொட்சைட்டோ வெப்பநிலையோ தடையாகிவிட்டது. எது குறைவோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. எல்லைப்படுத்தும் காரணி என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

எட்டாம் படி: கச்சான் காற்றுக் காலத்தில் என்ன நடக்கிறது?

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மத்தியானம் ஒரு மிளகாய்த் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். இலைகள் தொங்கும். வெயில் அளவுக்கு மேல் இருக்கிறது, ஆனால் தண்ணீரைக் காப்பதற்காக இலைவாய்கள் மூடிவிட்டன. காபனீரொட்சைட்டு உள்ளே போகவில்லை. அதோடு இன்னொரு கரைச்சல். ரூபிஸ்கோ நொதியம் காபனீரொட்சைட்டுக்குப் பதிலாக ஒட்சிசனையும் பிடித்துவிடும். வெப்பம் கூடக் கூட இது அதிகமாகும். பிடித்தால் கட்டிய காபனில் ஒரு பங்கு திரும்ப வெளியே போய்விடும். ஒளிச்சுவாசம் என்பது இதற்குப் பெயர். ரூபிஸ்கோ வேகத்திலும் மந்தம், ஒரு செக்கனுக்கு மூன்று நான்கு மூலக்கூறுகள்தான் கையாளும். அதனால் இலை அதை மிக அதிகமாகச் செய்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இலையின் புரதத்தில் பெரும் பங்கு இந்த ஒரு நொதியமே.

சோளன், கரும்பு, குரக்கன் ஆகியவை இதற்கு வழி கண்டுவிட்டன. அவை காபனீரொட்சைட்டை முதலில் வேறொரு நொதியத்தால் பிடித்து நான்கு காபன் அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள கலங்களுக்குள் கொண்டுபோய் விடுவிக்கின்றன. ரூபிஸ்கோவுக்கு அங்கே காபனீரொட்சைட்டு நெருக்கமாகக் கிடைப்பதால் ஒட்சிசனைப் பிடிக்கும் வாய்ப்புக் குறைகிறது. அவுஸ்திரேலியாவில் ஹட்ச், ஸ்லாக் இருவரும் 1966இல் இந்த வழியை விளக்கினார்கள். நெல்லுக்கு இந்த வசதி இல்லை. அதை நெல்லுக்குள் கொண்டுவர ஆய்வாளர்கள் இன்றும் பாடுபடுகிறார்கள். வெற்றி கிடைத்தால் கந்தளாய்க் குளத்து நீரை நம்பிச் சிறுபோகம் செய்பவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும்.

அன்னாசியும் கள்ளியும் இன்னொரு வழியில் போகின்றன. இரவின் குளிர்ச்சியில் இலைவாயைத் திறந்து காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் வாசலை மூடிக்கொண்டு அதைச் சீனியாக்குகின்றன.

தோட்டம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் தண்ணீர் விடுங்கள். காலை வெயில் பட்டதும் இலைவாய்கள் திறந்து, சூடு ஏறும் முன்பு நல்ல வேலை நடக்கும். அந்த நேரத்தில் வேரடியில் ஈரம் இருப்பதுதான் முக்கியம்.

ஒன்பதாம் படி: இரவுக் கேள்வி

இரவில் புளியமரத்தடியில் படுக்கக்கூடாது, மரம் நச்சுக்காற்று விடும் என்று ஊரில் சொல்வார்கள். செடிகள் இரவும் பகலும் சுவாசிக்கின்றன, நம்மைப் போல ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகின்றன, அது உண்மை. பகலில் ஒளித்தொகுப்பு அதைவிட வேகமாக நடப்பதால் ஒட்சிசன் வெளியே வருவது மட்டும் தெரிகிறது. இரவில் சுவாசம் மட்டும் நடக்கிறது. ஆனால் திறந்த வெளியில் அது காற்றோடு கலந்துவிடும், யாருக்கும் கெடுதி இல்லை. படுக்கையறைக்குள் இருக்கும் பூச்சாடியும் அப்படித்தான். பக்கத்தில் படுத்திருக்கும் ஒருவர் விடும் அளவோடு பார்த்தால் செடி விடுவது மிகச் சிறிது.

இதையும் சோதிக்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, மூடி வைத்து, தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் மெல்ல ஊற்றி எடுங்கள். இதுதான் சுண்ணாம்பு நீர். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அகன்ற வாயுள்ள மூன்று போத்தல்களுக்குள் ஒவ்வொரு சின்னக் கிண்ணம் சுண்ணாம்பு நீர் வையுங்கள். இரண்டில் ஈரத்தோடு இலைக்கொத்துப் போடுங்கள், மூன்றாவதில் எதுவும் வேண்டாம். மூன்றையும் இறுக மூடி, இலையுள்ள ஒன்றைக் கறுப்புத் துணியால் சுற்றி, எல்லாவற்றையும் விறாந்தையில், நல்ல வெளிச்சம் உள்ள ஆனால் நேர் வெயில் படாத இடத்தில் காலையில் வையுங்கள். பின்னேரம் துணியை எடுத்துப் பார்த்தால் அந்தப் போத்தலின் சுண்ணாம்பு நீர் பால் போல் கலங்கியிருக்கும். வெளிச்சத்தில் இருந்த இலைப் போத்தலில் கலக்கம் மிகக் குறைவு. இலை இல்லாத போத்தலில் மூடும்போது உள்ளே இருந்த காற்றால் மேலே ஒரு மெல்லிய ஆடை படிந்திருக்கலாம். அதை அளவாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒப்பிடுங்கள்.